படுக்கையிலிருந்து பந்தயத்துக்கு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போட்ட உடனே நம்ம வகுப்பில் பாதிப் பேர் அப்துல் கலாம் ஐயாவைப் பிடித்துக்கொண்டார்கள். மீதிப் பேர் காமராஜரை. எனக்கு ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் போய்ச் சொன்னேன். அந்த ஜெர்மன்காரர் டாக்டரைப் பற்றி எழுதினால் என்னலே என்று எங்க மாமாதான் கேட்டார். அதனால் இதில் நல்லது ஏதும் இருந்தால் அது மாமாவுக்கு. பிழை இருந்தால் எனக்கு. நான் எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறவர், அம்மா அண்டி ஆபீசில் வேலை செய்தவர். கட்டுரை எழுதிப் பழக்கம் இல்லை, பொறுத்துக்கொள்ளவும்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அவர் அம்மாவின் தம்பி. ஊரில் நல்ல வாலிபால் ஆட்டக்காரர். நான் இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது வேர்க்கிளம்பி பக்கம் ஒரு விளையில் தேங்காய் வெட்டப் போனவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பனையேறிகள் காலத்திலிருந்தே நம்ம மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. எந்த ஊரில் கேட்டாலும் மரத்திலிருந்து விழுந்த ஒருவர் கதை இருக்கும். அந்தக் கதை பெரும்பாலும் கொஞ்ச நாளில் முடிந்தும் போயிருக்கும்.

2024-ல் பாரிஸில் பாராலிம்பிக்ஸ் நடந்தபோது நானும் மாமாவும் என் போனில்தான் பார்த்தோம். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டி வெண்கலம் வாங்கினார். 2016 ரியோவில் அவருக்குத் தங்கம், டோக்கியோவில் வெள்ளி. மாமா அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, இதை முதலில் ஆரம்பித்தது யாரு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படித்ததை ராத்திரி ராத்திரி மாமாவுக்குச் சொன்னேன். அதுதான் இந்தக் கட்டுரை.

லுட்விக் குட்மன் 1899 ஜூலை 3 அன்று டோஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் அன்றைக்கு ஜெர்மனியில் இருந்தது, இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது. வளர்ந்தது பக்கத்திலிருந்த கோனிக்ஸ்ஹூட்டே என்ற சுரங்க நகரத்தில். நமக்குத் தென்னையும் பனையும் மாதிரி அங்கே நிலக்கரிச் சுரங்கம்.

1917-ல் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் குட்மன் ஊழியராக உதவிக்குப் போனார். வயது ஏறக்குறைய பதினெட்டு, அதாவது இப்போ நமக்குள்ள வயசு. அங்கே ஒரு இளம் சுரங்கத் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். நல்ல திடகாத்திரமான ஆள், முதுகெலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு ஒரு மறைப்புக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். குட்மன் அவரைப் பற்றிய குறிப்பை விவரமாக எழுதப் போனபோது, ரொம்ப மெனக்கெட வேண்டாம், சில வாரத்தில் போய்விடுவான் என்று மூத்த டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியே நடந்தது. ஐந்து வாரத்தில் அந்த ஆள் இறந்துபோனார். கொன்றது முறிந்த எலும்பு இல்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து ரத்தத்தில் விஷம் ஏறியதுதான்.

இந்த இடத்தில் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் மாமாவையும் ஒரு ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றுதான் அனுப்பினார்கள். ஆனால் மாமா சிரித்தார். மேலே சொல்லு மக்களே, நான்தான் இங்க இருக்கேனே என்றார்.

குட்மன் பிரெஸ்லாவிலும் ஃப்ரைபர்க்கிலும் மருத்துவம் படித்து 1924-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். நரம்பியலில் அந்தக் காலத்தில் பெரிய பெயர் பெற்றிருந்த ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டரிடம் வேலை கற்றார். நன்றாக வந்துகொண்டிருந்த ஆள். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்ற ஒரே காரணத்துக்காக வேலை போயிற்று. பிறகு பிரெஸ்லாவில் யூதர்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், 1937-ல் அதன் தலைமை மருத்துவர் ஆனார்.

1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளையும் வழிபாட்டு இடங்களையும் நாஜிகள் அடித்து நொறுக்கினார்கள், ஆண்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துப் போனார்கள். அன்றிரவு ஆஸ்பத்திரிக்கு வருகிற எந்த ஆணையும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும்படி குட்மன் சொல்லிவிட்டார். மறுநாள் ரகசியப் போலீஸ் வந்து, ஒரே ராத்திரியில் இத்தனை நோயாளிகள் எங்கிருந்து முளைத்தார்கள் என்று கேட்டது. குட்மன் அவர்களோடு ஒவ்வொரு கட்டிலாகப் போய் ஆளுக்கொரு வியாதி சொன்னார். அப்படிச் சேர்த்த 64 பேரில் 60 பேர் தப்பினார்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு இந்த மனிதர் மேல் ஒரு பிடிப்பு வந்தது. டாக்டருக்குப் பொய்யும் மருந்தாக உதவும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அங்கே இருக்க முடியுமா? போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசரின் நண்பர் ஒருவருக்கு வைத்தியம் பார்க்க, பாஸ்போர்ட்டைப் பறித்த அதே அரசாங்கமே அவரை லிஸ்பனுக்கு அனுப்பியது. திரும்பும் வழியில் லண்டனில், அகதிகளாக வரும் படிப்பாளிகளுக்கு உதவுகிற ஒரு சங்கம் அவருக்கு வழி செய்து கொடுத்தது. 1939 மார்ச்சில் மனைவி, மகன், மகளோடு இங்கிலாந்தில் வந்து இறங்கினார். ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டருக்கு அது போதவில்லை.

வாய்ப்பு வந்தது போரால்தான். ஐரோப்பாவில் பெரிய தாக்குதலுக்கு நேச நாடுகள் தயாராகிக்கொண்டிருந்தன. முதுகில் அடிபட்ட வீரர்கள் நிறைய வருவார்கள் என்று பிரிட்டிஷ் அரசு கணக்குப் போட்டது. முதல் உலகப் போரில் அப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அந்த நோயாளிகளை ஏற்க எந்த டாக்டருக்கும் ஆசை இல்லை, குட்மனுக்கு இருந்தது. தன் விருப்பப்படி வைத்தியம் செய்ய விட்டால் வருகிறேன் என்று நிபந்தனை போட்டார். 1944 பிப்ரவரி 1 அன்று, லண்டனுக்கு வடமேற்கே எய்ல்ஸ்பரி அருகில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தண்டுவடக் காயப் பிரிவு தொடங்கியது.

அவர் செய்த முதல் காரியம் மாவுக்கட்டுகளைக் கழற்றியது. இரண்டாவது, நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவும் பகலும், புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னது. உணர்ச்சி இல்லாத உடம்புக்கு வலி தெரியாது, அதனால் தானாகப் புரளாது. எலும்பும் மெத்தையும் சேர்ந்து நடுவில் உள்ள சதையை அழுத்தினால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது, சதை செத்துப் புண்ணாகும். அவ்வளவுதான் விஷயம். பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஆள் வேண்டும். தூங்காத ஆள் வேண்டும். குட்மன் நடுராத்திரியில் வார்டுக்கு வந்து நர்சுகள் புரட்டுகிறார்களா என்று பார்ப்பார். சிறுநீர்க் குழாய் வைப்பதிலும் கிருமி ஏறாதபடி அவ்வளவு கண்டிப்பு.

இதைக் கேட்டதும் எங்க பாட்டி அடுக்களையிலிருந்து வந்து வாசலில் நின்றாள். மாமா விழுந்த புதிதில் பக்கத்துத் தெரு நர்சம்மா ஒருத்தி இதையேதான் பாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தார். பாட்டி ஒரு பழைய டைம்பீசைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து மாமாவைப் புரட்டுவாள். பிறகு டைம்பீஸ் கெட்டுப்போயிற்று. ஆனால் பாட்டி தானாகவே எழும்பினாள். பள்ளிக்கூடம் போகாதவள். அந்த வெள்ளைக்கார டாக்டருக்கும் இது தெரிஞ்சிருக்கா என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஸ்டோக் மாண்டவில்லில் நோயாளிகள் சாகாமல் இருக்கத் தொடங்கினார்கள். உடனே அடுத்த கேள்வி வந்தது. பிழைத்த ஆள் என்ன செய்வது? குட்மன் சும்மா படுக்க விடவில்லை. தச்சு வேலை, கடிகாரம் ரிப்பேர், டைப்ரைட்டிங் என்று ஆளுக்கொரு வேலை கொடுத்தார். நம்ம ஒர்க்ஷாப் மாதிரிதான். ரொம்பக் கண்டிப்பானவர், கோபக்காரர், தான் சொன்னதுதான் நடக்க வேண்டும் என்கிற ஆள். நோயாளிகள் அவரைச் செல்லமாகப் பாப்பா என்பார்களாம். நம்ம தமிழ்ப் பாப்பா இல்லை, அங்கே அது அப்பாவைக் கூப்பிடுகிற சொல். அந்த அப்பா அடிக்காத குறைதான் போலிருக்கிறது.

விளையாட்டு வந்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருநாள் சில நோயாளிகள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கைத்தடியால் ஒரு வட்டைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்ததைக் குட்மன் பார்த்தார். வேறு ஒருவராக இருந்தால் விழுந்துவிடப் போகிறீர்கள் என்று அதட்டியிருப்பார். இவர் உடற்பயிற்சி ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு தாமே நாற்காலியில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். அது சக்கர நாற்காலிப் போலோ ஆயிற்று. ஆட்டம் முரட்டுத்தனமாகப் போகவே அதை விட்டுவிட்டுக் கூடையில் பந்து போடும் ஆட்டத்துக்கு மாறினார்கள். வில்வித்தையும் வந்தது. வில்லை இழுப்பதில் தோளும் முதுகும் பலப்படும், உட்கார்ந்தபடி உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் பழக்கம் வரும். அதைவிட முக்கியம், உட்கார்ந்து எய்பவரும் நின்று எய்பவரும் ஒரே போட்டியில் மோதலாம். பின்னாளில் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், பாராலிம்பிக்கில் இல்லை, ஒலிம்பிக்கிலேயே, நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால் சக்கர நாற்காலியில் இருந்து வில் எய்தார்.

1948 ஜூலை 29 அன்று லண்டன் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரிப் புல்வெளியில் குட்மன் ஒரு வில்வித்தைப் போட்டி வைத்தார். இரண்டு அணி, மொத்தம் 16 பேர். 14 ஆண்கள், 2 பெண்கள். எதிரணி ரிச்மண்டில் இருந்த முன்னாள் படைவீரர் இல்லத்துக்காரர்கள். ஜெயித்ததும் அவர்கள்தான். இன்றைக்கு நாம் பாராலிம்பிக்ஸ் என்று சொல்வது அந்தப் பதினாறு பேரில் தொடங்கியது. அடுத்த ஆண்டே, ஒருநாள் இது ஒலிம்பிக்குக்கு நிகராக வரும் என்று குட்மன் பேசினார். கேட்டவர்கள் எத்தனை பேர் மனதுக்குள் சிரித்தார்களோ.

1952-ல் ஹாலந்திலிருந்து ஒரு அணி வந்தது, போட்டி சர்வதேசம் ஆயிற்று. 1960-ல் ரோமில் ஒலிம்பிக் முடிந்த கையோடு அதே நகரத்தில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் கூடினார்கள். அதுதான் முதல் பாராலிம்பிக்ஸ் என்று இப்போது கணக்கு. அங்கே ஒரு வேடிக்கை. வீரர்களுக்குக் கொடுத்த தங்குமிடம் தூண்களின் மேல் எழுப்பிய கட்டடம், ஏறப் படிக்கட்டு. ராணுவ வீரர்கள் வந்து நாற்காலியோடு தூக்கி ஏற்றி இறக்கினார்களாம். எனக்கு நம்ம ஆதிகேசவப் பெருமாள் கோயில் படிக்கட்டு ஞாபகம் வந்தது. திருவிழாவுக்கு மாமாவை நாங்கள் நாலு பேர் அப்படித்தான் தூக்கிக்கொண்டு ஏறுவோம்.

1964-ல் டோக்கியோ, 1968-ல் டெல் அவிவ். டெல் அவிவில்தான் இந்தியா முதலில் கலந்துகொண்டது. 1972-ல் ஹைடல்பர்க்கில் முரளிகாந்த் பேட்கர் 50 மீட்டர் நீச்சலில் 37.33 வினாடியில் வந்து உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். அவர் மகாராஷ்டிராக்காரர், ராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர், 1965 போரில் குண்டு பாய்ந்து கால்கள் செயலிழந்தவர். இந்தியர் ஒருவர் ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வாங்கியது 2008-ல். பாராலிம்பிக்கில் அதற்கு 36 ஆண்டுக்கு முன்பே வாங்கியாயிற்று. இதை நம்ம பாடப்புத்தகத்தில் எங்காவது நான் படித்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

குட்மனிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் அவருடைய போட்டிகள் தண்டுவடம் பாதித்தவர்களுக்கு மட்டுமாகவே இருந்தன. கண் தெரியாதவர்களும் கை கால் இழந்தவர்களும் 1976 டொராண்டோவில்தான் உள்ளே வந்தார்கள். தம் நோயாளிகள் மேல் அவருக்கு அவ்வளவு பாசம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் வெளியே நிற்பது என்ன என்று தெரிந்த மனிதர் இதைக் கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

1966-ல் ராணி அவருக்கு சர் பட்டம் கொடுத்தார். 1969-ல் ஸ்டோக் மாண்டவில்லில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒரு விளையாட்டரங்கம் திறந்தார்கள். 1980 மார்ச் 18 அன்று, எண்பதாவது வயதில், குட்மன் மாரடைப்பால் காலமானார். அந்த ஆண்டு ஒலிம்பிக் நடத்திய மாஸ்கோ பாராலிம்பிக்ஸை நடத்த மறுத்துவிட்டது, போட்டி ஹாலந்தில் ஆர்ன்ஹெம் நகரத்துக்குப் போயிற்று. 1988 சியோலில் இருந்துதான் ஒலிம்பிக் மைதானங்களிலேயே பாராலிம்பிக்ஸும் நடக்கும் வழக்கம் நிலைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1972-ல் ஒரு தங்கம் வாங்கிய இந்தியா 2024 பாரிஸில் 29 பதக்கம் வாங்கியது. அதில் ஒன்று நாகாலாந்தின் ஹொகாடோ செமாவுடையது. கண்ணிவெடியில் ஒரு கால் போன ராணுவ வீரர். உட்கார்ந்தபடி குண்டு எறிந்து வெண்கலம் வாங்கினார்.

அந்த வீடியோவை மாமா மறுபடி மறுபடி போடச் சொன்னார். ஆள் உட்கார்ந்த இருக்கையைப் பார், தரையோடு கட்டி வைத்திருக்கிறார்கள் பார் என்று காட்டினார். நம் மாவட்டத்திலும் ஆண்டுதோறும் டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிப் போட்டி நடக்கிறது, முதலமைச்சர் கோப்பையிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது என்று நான் விசாரித்து வந்து சொன்னேன். மாமா முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பதினைந்து நாள் அந்தப் பேச்சே இல்லை. காரணம் வெட்கம் என்று நான் நினைத்தேன். அது இல்லை. திருவட்டாறிலிருந்து நாகர்கோவில் போய் வரும்வரை மூத்திரத்துக்கு என்ன செய்வது என்பதுதான். கடைசியில் ஒரு நாள் சரி என்றார். ஆனால் முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. குட்மன் இருந்திருந்தால் நல்லா ஏசியிருப்பார். தண்டுவடம் போனவர்களுக்குத் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு.

ஆட்டோ பிடித்துப் போனோம். மைதானத்தில் மாமாவைப் போல ஐம்பது அறுபது பேர். பதினோரு வருஷத்தில் மாமா அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், அவரும் மரத்திலிருந்து விழுந்தவர்தான், பை மாட்டிக்கொண்டு எப்படி பஸ்ஸில் வருவது என்று மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு பேரும் பந்தயத்தையே மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். குண்டு எறிவதற்கு நாங்கள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு போயிருந்தோம். எறிய எறிய நாற்காலி பின்னால் நகர்ந்தது. நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமாவுக்கு நாலாவது இடம். பரிசு மூன்று பேருக்குத்தான். வரும்போது ஆட்டோவில் வழி நெடுக நாற்காலி நகராமல் இருந்தால் இன்னும் ஒரு மீட்டர் போயிருக்கும் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். தக்கலையில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்.

இப்போ நம்ம ஒர்க்ஷாப்பில் சாரிடம் அனுமதி வாங்கி, எறிவதற்கான இருக்கை ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். விதிப்படி மெத்தையோடு சேர்த்து 75 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் இருக்கக் கூடாது. பிடித்துக்கொள்ள நேரான கம்பி ஒன்று வைக்கலாம், வளைவு இருக்கக் கூடாது, எறியும்போது அசையவும் கூடாது. எம்.எஸ். பைப்பில் சட்டம் வெல்டிங் முடிந்துவிட்டது. தரையோடு இழுத்துக் கட்ட நாலு பக்கமும் வளையம் வைத்திருக்கிறேன். உட்காரும் இடத்தில் ஓரம் எதுவும் தொடையை அழுத்தக் கூடாது என்று பாட்டி வந்து தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வாளாம். பின்பக்க இடது கால் ஒன்று அரை சென்டிமீட்டர் கூடிப் போய்விட்டது, இருக்கை ஆடுகிறது. திங்கட்கிழமை பிராக்டிகல் முடிந்ததும் அறுக்க வேண்டும். கட்டிங் மெஷின் பக்கம் யாராவது நிற்கிறவர்கள் வந்து ஒரு கை பிடித்தால் நல்லது.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை
திருவட்டாறு